டியோடண்ட்: சக்கரத்தின் மேல் விழுந்த பழி

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளின் தாள்களோடு நாள் முழுவதும் புழங்குகிறவன் நான். வழக்கொழிந்த ஆங்கிலச் சட்டச் சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் 'டியோடண்ட்' என்பேன். இன்றைய ஆங்கில அகராதிகள் இதை வரலாற்றுச் சொல் என்று குறித்து ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஒரு மனிதனின் சாவுக்கு நேர்க் காரணமாக இருந்ததால் அரசனுக்குப் பறிமுதலாக வேண்டிய அசையும் பொருள் என்பதே அதன் பொருள். வண்டி ஏறி ஒருவன் இறந்தால் அந்த வண்டி, குதிரை உதைத்து இறந்தால் அந்தக் குதிரை, கொதிக்கும் கொப்பரையில் தவறி விழுந்து இறந்தால் அந்தக் கொப்பரை. உடையவன் தவறு செய்தானா, கவனக்குறைவாக இருந்தானா என்று யாரும் கேட்பதில்லை. சம்பவம் நடந்த அன்று அவன் ஊரிலேயே இல்லாமல் இருந்திருந்தாலும் பொருள் போனது போனதுதான்.

லத்தீனில் 'டேயோ டண்டும்' என்றால் 'கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது'. இடைக்கால நீதிமன்ற லத்தீனில் இவ்விரண்டு சொற்களும் ஒட்டி ஒன்றாகி, நார்மன் ஆட்சியாளர்களின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தன. 'டண்டும்' என்றதும் தமிழ் வாசகருக்குத் 'தண்டம்' நினைவுக்கு வரும். பேச்சும் அபராதத்தைப் பற்றியது என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். அது வெறும் ஒலி மயக்கம். உண்மையான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. கடவுளைக் குறிக்கும் லத்தீன் 'டேயுஸ்' வடமொழித் 'தேவ' என்பதோடும், கொடுத்தலைக் குறிக்கும் 'டாரே' வடமொழித் 'தானம்' என்பதோடும் பொதுவான வேர்களைக் கொண்டவை. ஆகவே வேர்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த 'டேயோ டண்டும்' நம் கோயில் கல்வெட்டுகளில் வரும் 'தேவதான'த்துக்குத் தூரத்துப் பங்காளி. சோழர் காலத் தேவதானம் கோயிலுக்கு விடப்பட்ட நிலம். இங்கிலாந்தின் தேவதானமோ சாவு வீட்டு வாசலில் வைத்துப் பிடுங்கப்பட்ட வண்டியும் மாடும்.

பிடுங்குவதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 1194-இல் இங்கிலாந்தில் கொரோனர் என்ற பதவி உருவாக்கப்பட்டது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பிரேத விசாரணைதான் நினைவுக்கு வரும். தொடக்கத்தில் அவருடைய முதன்மையான வேலை, அரசனுக்கு வர வேண்டிய வருமானம் கைநழுவாமல் பார்த்துக்கொள்வது. ஊரில் ஒருவர் இயல்புக்கு மாறாக இறந்தால் கொரோனருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர் வந்து, சுற்றுவட்டாரத்து ஆண்களை ஜூரியாகக் கூட்டி, உடலை நேரில் பார்க்கவைத்து, எப்படி இறந்தார், எது கொன்றது, கொன்றதன் விலை என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த மூன்றாவது கேள்வியின் விடைதான் டியோடண்ட். பெரும்பாலும் பொருளையே தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஜூரி குறித்த விலையைக் கட்டிவிட்டு உடையவன் அதை வைத்துக்கொள்ளலாம். அரசனின் நீதிபதிகள் சுற்றுப்பயணமாக வரும்போது அந்தத் தொகைக்கு ஊரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. வசூலாவது அரசனின் தலைமைத் தருமக் கொடையாளர் வழியாகப் புண்ணிய காரியங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. நடைமுறையில், இந்த உரிமையையே அரசர்கள் பல பண்ணைப் பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடவுளுக்கென்று சொல்லி வாங்கியது எங்கெங்கோ நின்றது.

இந்தச் சட்டத்தின் உள்நுணுக்கங்களை அறிய, ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765-இல் வெளியிட்ட தம் சட்ட விளக்க நூலின் முதல் தொகுதியில் ஒதுக்கியிருக்கும் சில பக்கங்களே போதும். எனக்குத் தெரிந்து சட்ட நூல்களில் இவ்வளவு சுவையான பக்கங்கள் குறைவு. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தைப் பிடித்து ஏறும்போது ஒருவன் விழுந்து இறந்தால் சக்கரம் மட்டுமே டியோடண்ட்; வண்டி தப்பிவிடும். அதே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் ஏறி ஒருவன் இறந்தால், சக்கரத்தோடு முழு வண்டியும் அதில் ஏற்றியிருந்த சரக்கும் சேர்ந்து பறிபோகும், ஏனென்றால் அந்தப் பாரமும்தான் சக்கரத்தை அழுத்திக் காயத்தைக் கொடியதாக்கியது. மரணத்தை நோக்கி நகர்ந்த யாவும் கடவுளுக்குரியவை என்ற பழைய லத்தீன் சூத்திரத்திலிருந்து இது பிறக்கிறது. உங்கள் வாளை வேறொருவன் எடுத்துப் போய்க் கொலை செய்தாலும் வாள் உங்களுக்குத் திரும்பாது. ஆற்று நீரில் ஒருவன் படகிலிருந்து விழுந்து மூழ்கினால் படகும் சரக்கும், சட்டத்தைக் கறாராகப் பார்த்தால், டியோடண்ட்; நடுக்கடலில் விழுந்தால் ஒன்றும் இல்லை, பொதுச் சட்டத்தின் கை அங்கே நீளாது. சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையே கோடு கிழித்த அந்த மூளைகளை நினைத்தால், காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர்கள் இன்று எழுப்பும் ஆட்சேபங்கள் எனக்குப் புதிதாகவே படுவதில்லை.

இவற்றுள் எல்லாம் விந்தையானது குழந்தைகளைப் பற்றிய விதி. விவரம் அறியாத குழந்தை, நிற்கும் வண்டியிலிருந்தோ குதிரையிலிருந்தோ விழுந்து இறந்தால் டியோடண்ட் கிடையாது; பெரியவர் விழுந்து இறந்தால் உண்டு. மேத்யூ ஹேல் என்ற பழைய நீதிபதி இதற்குச் சொன்ன காரணம், குழந்தைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது என்பது. பிளாக்ஸ்டோன் இதை ஏற்கவில்லை. குழந்தைக்குத் தெரியாது என்றால் உடையவன் அல்லவா இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும், அவனுக்கு ஏன் சலுகை என்று கேட்கிறார். அவர் காணும் காரணம் வேறு. கத்தோலிக்க இங்கிலாந்தில், பாவமன்னிப்புப் பெறாமல் திடீரெனச் செத்தவனின் ஆன்மாவுக்காகப் பூசை செய்விக்கப் பணம் வேண்டியிருந்தது. கொன்ற பொருளின் விலை அதற்கானது. குழந்தையோ பாவம் செய்ய முடியாதது. அதன் ஆன்மாவுக்குப் பூசை தேவையில்லை, பூசை தேவையில்லை என்றால் பணமும் தேவையில்லை. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்தப் பூசைகளே இங்கிலாந்தில் ஒழிந்துபோயின. ஆனாலும் பூசைக்காக ஏற்பட்ட விதிவிலக்கு, பிளாக்ஸ்டோன் எழுதிய காலம் வரைக்கும் சட்டமாகவே நின்றது. காரணம் செத்த பிறகும் விதி உயிரோடு இருப்பது சட்டத்துறைக்குப் புதிதல்ல.

பொருளுக்குப் பழி உண்டு என்ற எண்ணம் ஆங்கிலேயரின் தனிச் சொத்தன்று. மனிதனைக் குத்திக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், அதன் இறைச்சியை உண்ணக் கூடாது என்கிறது பைபிளின் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம். பண்டைய ஏதென்ஸில் மனிதன் மேல் விழுந்து கொன்ற உயிரற்ற பொருட்களை விசாரித்து எல்லைக்கு வெளியே எறிவதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. தாசோஸ் தீவில், தியாகெனிஸ் என்ற மல்லனின் வெண்கலச் சிலையை அவன் மேல் பகை கொண்ட ஒருவன் இரவுதோறும் சாட்டையால் அடித்துவந்ததாகவும், ஒருநாள் சிலை அவன் மேல் சாய்ந்து கொன்றதாகவும், பிள்ளைகள் சிலையின் மீது கொலை வழக்குத் தொடுத்து வென்று அதைக் கடலில் எறிந்ததாகவும் பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசேனியஸ் எழுதியிருக்கிறார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1881-இல், டியோடண்ட் உட்பட இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பழிவாங்கும் உணர்ச்சி என்று வாதிட்டார். காலில் இடித்த கதவைக் குழந்தை திருப்பி உதைக்கும் அதே உணர்ச்சி.

18-ஆம் நூற்றாண்டில் டியோடண்ட் கிட்டத்தட்ட நகைப்புக்குரியதாகிவிட்டது. ஏழையின் ஒரே வண்டியைப் பண்ணைப் பிரபுவின் வருமானமாக்க ஜூரியில் உட்கார்ந்த அண்டை வீட்டாருக்கு மனம் வரவில்லை. எனவே கொன்றது வண்டியன்று, அதன் ஒரு சிறு பாகம்தான் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு ஷில்லிங் என்று விலை எழுதினார்கள். பிரபுக்கள் உயர் நீதிமன்றத்துக்கு முறையிட்டாலும், இவ்வளவு நியாயமற்ற கோரிக்கைக்குத் துணைபோக நீதிபதிகள் பொதுவாக மறுத்தார்கள். கொலைக் குற்றச்சாட்டுகளில் 'ஆறு பென்ஸ் மதிப்புள்ள பேனாக் கத்தியால்' என்று ஆயுதத்தின் விலையை எழுதும் சடங்கு மட்டும் தொடர்ந்தது. சொல் அப்படியே ஓய்ந்து அடங்கியிருக்க வேண்டியது.

அதை எழுப்பி உட்காரவைத்தது ரயில். எப்படி என்று சொல்வதற்கு முன் 1808-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேக்கர் என்பவரும் அவர் மனைவியும் குதிரைப் பயணவண்டி ஒன்றின் மேல்தட்டில் உட்கார்ந்து பயணம் செய்தபோது வண்டி கவிழ்ந்தது. படுகாயமடைந்த மனைவி சுமார் ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். கணவர் வண்டி உரிமையாளர்கள் மேல் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, மனித உயிரின் இழப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் தீங்காக முறையிட முடியாது என்று சொல்லிவிட்டார். மனைவி உயிரோடு கிடந்த நாட்களுக்கான இழப்பு மட்டுமே கணக்கில் சேரும். மூச்சு நின்ற நொடியோடு கணக்கு முடிந்தது. கணவருக்குக் கிடைத்தது 100 பவுன். இந்தத் தீர்ப்பு இங்கிலாந்தின் சட்டமாக நிலைத்தது. இதன்படி ஒரு பயணியின் காலை முறித்தால் நிறுவனம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். ஆளையே கொன்றுவிட்டால் குடும்பத்துக்குச் சல்லிக்காசு கொடுக்க வேண்டியதில்லை.

1841 டிசம்பர் 24, விடிவதற்கு முன். லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டலை நோக்கி கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் ஹெக்லா என்ற எஞ்சின். அதற்கு அடுத்தாற்போல் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கான திறந்த பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் கனத்த சரக்கு வேகன்கள். பயணிப் பெட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூரை கிடையாது, பக்கச் சுவர் உட்கார்ந்தவரைத் தாங்கும் உயரம்கூடக் கிடையாது. பயணிகளில் பலர், லண்டனில் அப்போது எழுந்துகொண்டிருந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் கல் வேலை செய்த கொத்தர்கள்; கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரெடிங் நகரை நெருங்கும் முன் சானிங் என்ற இடத்தில் குன்றைப் பிளந்து பாதை போட்டிருந்தார்கள். தொடர் மழையில் கரை சரிந்து மண் தண்டவாளத்தை மூடியிருந்தது. எஞ்சின் அதில் புதைந்து சட்டென்று நின்றது. பின்னால் வந்த சரக்கு வேகன்கள் நிற்கவில்லை. இடையில் அகப்பட்டவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள், நசுங்கினார்கள். எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள், ஒன்பதாமவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்.

கொரோனரின் ஜூரி கூடியது. விபத்து என்றுதான் தீர்ப்பு எழுத முடியும். இறந்தவர்களின் மனைவி மக்களுக்கு ஒரு பவுன் வாங்கித் தர வழியில்லை. நிறுவனத்தைச் சிறையில் போடவும் முடியாது. கையில் இருந்தது ஒரே ஒரு துருப்பிடித்த கருவி. எஞ்சினையும் பெட்டிகளையும் டியோடண்ட் என்று அறிவித்து, 1,000 பவுன் என்று விலை குறித்தார்கள். அது எழுதப்பட்ட தொகைதான். கடைசியில் வசூலாவது வேறு கதை. பின்னர் விசாரித்த அரசின் வணிக வாரிய ஆய்வாளர் நிறுவனத்தின் மேல் குற்றம் காணவில்லை. பொதுவாகவே இத்தகைய பெருந்தொகைகளை, ஜூரியின் ஆவணத்தில் ஏதாவது வாசகப் பிழை கண்டுபிடித்து உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்துவந்தன. ஆனால் 1830-களின் பிற்பகுதியிலிருந்து நாட்டின் பல மூலைகளில், நூறு ஆண்டுகளாக ஒரு ஷில்லிங் எழுதிப் பழகிய ஜூரிகள் நூற்றுக்கணக்கான பவுன்களை எழுதத் தொடங்கியதை நிறுவனங்கள் கவனிக்காமல் இல்லை. சானிங் விபத்து எழுப்பிய கூச்சல், 1844-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் ஒரு தூண்டுதலாயிற்று. மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், வெயில் மழை படாத பெட்டிகளோடு, மணிக்குக் குறைந்தது 12 மைல் வேகத்தில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில் ஒன்று தினமும் ஓட வேண்டும் என்று அது விதித்தது.

1846-இல் கேம்பெல் பிரபு இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, செப்டம்பர் முதல் நாளிலிருந்து டியோடண்டை ஒழித்தது. மற்றொன்று, தவறான செயலால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுக்க முதன்முறையாக வழி திறந்தது. முதல் சட்டத்தின் முகப்புரை, டியோடண்ட் 'நியாயமற்றது, இடைஞ்சலானது' என்கிறது. நியாயமற்றது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வண்டிக்காரனிடமும் படகுக்காரனிடமும் பறித்த ஆறு நூற்றாண்டுக் காலம் அந்த நியாயமின்மை எந்த நாடாளுமன்றத்தின் கண்ணையும் உறுத்தவில்லை. ரயில்வே பங்குகளில் பணம் போட்டவர்கள் பலர் உட்கார்ந்திருந்த நாடாளுமன்றத்துக்கு, எஞ்சின்மேல் கை வைத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உறுத்திவிட்டது. இரண்டு சொற்களில் கனமானது 'இடைஞ்சல்' என்பதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காகக் கேம்பெலைக் குறை சொல்ல முடியாது. டியோடண்டால் விதவைக்கு ஒரு காசு வந்ததில்லை. அவர் சட்டத்தால் வந்தது. இடைக்கால நீதிபதிகள் சிலர் இரக்கப்பட்டுப் பறிமுதல் தொகையை இறந்தவனின் குடும்பத்துக்கே கொடுக்கச் சொன்னதுண்டு, ஆனால் அது கருணை, உரிமையன்று. எனக்கு உறுத்துவது வேறொன்று. டியோடண்ட், இறந்தவர் யார் என்று பார்க்கவில்லை. பிரபு இறந்தாலும் கொத்தன் இறந்தாலும் எஞ்சினின் விலை ஒன்றுதான். புதிய சட்டம் இறந்தவரின் சம்பாத்தியத்தைப் பார்த்தது. 1852-இல் மிட்லண்ட் ரயில்வேக்கு எதிரான வழக்கில், குடும்பத்தின் பண இழப்பை மட்டுமே ஈடு செய்ய முடியும், துக்கத்துக்கு விலை கிடையாது என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அன்றிலிருந்து கூலிக்காரனின் சாவு மலிவு.

பொருளின் மேல் பழி போடும் எண்ணம் 1846-இல் முற்றாகப் போய்விடவும் இல்லை. 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் உல்லாசப் படகின் வழக்கு வந்தது. வாடகைக்கு எடுத்தவர்களின் கையில் படகு இருந்தபோது அதில் கஞ்சா சிகரெட் கிடைத்ததால் பியூர்ட்டோ ரிக்கோ அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். சொந்தக்கார நிறுவனத்துக்கு ஒன்றும் தெரியாது. பறிமுதல் செல்லும் என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அதன் வரலாற்றை விளக்கும்போது டியோடண்டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.

நம் பக்கம் வந்து சேர்ந்தது கேம்பெலின் இரண்டாவது சட்டம். 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1855-இல் இந்திய உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் கிளம்பியது. 1855-ஆம் ஆண்டின் அந்த 13-ஆம் எண் சட்டம் ஒருசில பிரிவுகளே கொண்டது. வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டத்தின் நகல். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சாலை விபத்துக்கு இப்போது மோட்டார் வாகனச் சட்டமும் தனித் தீர்ப்பாயமும் உண்டென்றாலும் கணக்குப் போடும் முறை அதே வழியில் வந்ததுதான். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, இறந்தவருக்கு 28 வயது என்றால், ஆண்டு வருமானத்தில் அவர் தமக்கெனச் செலவழித்திருக்கக்கூடியதைக் கழித்து மிச்சத்தை 17-ஆல் பெருக்க வேண்டும். துணையை இழந்ததற்கு 40,000 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயித்தார்கள். இடையிடையே உயர்த்திக்கொள்ள அந்தத் தீர்ப்பே வழி செய்திருக்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த லாரியை என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்கும் கட்சிக்காரர்கள் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை கொடுத்ததும், மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உடையவரிடம் விட்டுவிடுவார்கள் என்பதே வழக்கமான பதில். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் இட்ட கட்டளையின்படியும், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய விதிகளின்படியும், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வாகனத்தை, இழப்பீட்டுக்குப் போதிய பிணை கட்டாமல் விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் அதை ஏலம் விட்டு, கிடைத்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். கொன்ற வண்டியின் விலை, இந்த ஒரு வகை வழக்கில் மட்டும், இறந்தவரின் குடும்பத்துக்குப் போய்ச் சேருகிறது.